பாண்டிக்கு நாமும் போகலாம்!

அன்புள்ள சகோதரிகளுக்கு,

பல வருடங்களாக இந்தப் பகுதியை ஒரு வரி விடாமல் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விழுப்புரத்தில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 46. பிறந்த ஊர் திண்டிவனம். கணவர் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். மகன் வெளியூரில் வேலை. மகள் கல்லூரியில் கடைசி வருடம். மாமியார் எங்களோடு இருக்கிறார். கடந்த 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி எங்களுக்குத் திருமணமாகி 25 வருடம் முடிந்தது. அன்றைக்கு நானும் அவரும் மட்டும் காலையில் கிளம்பிப் பாண்டிச்சேரி போய், இரவு வீடு திரும்பினோம். அவ்வளவுதான் விஷயம். "இதுல எழுத என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் "பாண்டிக்குப் போறேன்" என்று ஒரு ஆம்பளை சொன்னால், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். விழுப்புரத்திலிருந்தும் சரி, திண்டிவனத்திலிருந்தும் சரி, பாண்டிச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம். விழுப்புரத்திலிருந்து ரயில் பாதை 1879-லேயே போட்டுவிட்டார்கள். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊர், எங்கள் தெரு ஆண்களுக்குச் சாராயக் கடையாகவும், எங்கள் தெருப் பெண்களுக்கு வயிற்றெரிச்சலாகவும்தான் இத்தனை காலம் இருந்தது. கடைக்கு லீவு கேட்டபோது அவருடைய முதலாளியே, "பாண்டிக்கா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்று கண்ணடித்தாராம். "இல்லண்ணே, வீட்டுல அவளையும் கூட்டிட்டுப் போறேன்" என்றதும் அவர் முகமே மாறிவிட்டதாம்!

வீட்டில் சொன்னபோது நடந்தது வேறு. மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அத்தை, வியாழக்கிழமை நாங்க ரெண்டு பேரும் பாண்டிக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கோம்" என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாது, பாண்டிக்கா? அந்த ஊர்ப் பேரை இந்த வீட்டுல எடுக்காதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கல்யாண நாள், வெளியூர், தலை நரைத்த வயசில் ஜோடியாகப் போவது, இதெல்லாம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எனக்கும் கோபம். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பணம் எங்கே இருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அதுதானே நம் எல்லோருக்கும் முதல் கேள்வி! 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் என்று வரத் தொடங்கியது. அதில் மாதம் 100 ரூபாய் மட்டும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வந்தேன். கேஸ், மளிகை, மகளுக்குப் புத்தகம் எதற்கும் அதைத் தொடக்கூடாது என்று சபதம். இரண்டு வருடத்தில் 24 மாதம், 2,400 ரூபாய். அவர் பணத்தில் ஒரு பைசா கேட்கவில்லை. "என் கணக்குல உங்களைக் கூட்டிட்டுப் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டேன். 25 வருடத்தில் நான் அவரை எங்காவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "சரி, போலாம்" என்றார்.

"கல்யாண நாள் கொண்டாடுறது எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று எங்கள் தெருவில் ஒரு அக்கா சொன்னார். இருக்கட்டுமே! நம் பழக்கம் என்ன? அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம். திருக்கடையூருக்குப் போனால் தினமும் எத்தனை ஜோடியைப் பார்க்கலாம்! நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்த 60-ம் 80-ம் யாருடைய வயசு? கணவருடைய வயசு. மனைவிக்கு அறுபது ஆனால் யாரும் மேளம் வைப்பதில்லை. கல்யாணம் நடந்த தேதி ஒன்றுதான் இரண்டு பேருக்கும் சமமாகப் பொதுவான நாள். அதை நினைத்துப் பார்க்க அவருக்கு அறுபது ஆகும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அதுவரைக்கும் இரண்டு பேரும் நல்லா நடமாடிக்கொண்டு இருப்போம் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

அன்றைக்குக் காலை நாலு மணிக்கே எழுந்தேன். மாமியாருக்குக் காலைப் பலகாரம், மத்தியானத்துக்குச் சாம்பார், பொரியல், ராத்திரிக்கு இட்லி மாவு, மகளுக்கு டிபன் பாக்ஸ் எல்லாம் தயார் செய்துவிட்டு, எங்களுக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டேன். பாருங்கள், ஒரு நாள் லீவு எடுக்க அந்த ஒரு நாள் வேலையையும் முன்கூட்டியே செய்துவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது! அவர் குளித்துவிட்டுச் சட்டையை மாட்டினார், புறப்பட்டாகிவிட்டது.

2019-ல் மத்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. நாட்டில் வீட்டு வேலை செய்கிற பெண் ஒருத்தி, கூலி இல்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம் செலவழிக்கிறாள். வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண், 97 நிமிடம். எங்கள் வீட்டில் அந்த 97-ல் பாதி வந்தாலே நான் சாமிக்குத் தேங்காய் உடைப்பேன். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில், இல்லத்தரசி வீட்டைக் கவனிப்பதால்தான் கணவனால் சம்பாதிக்க முடிகிறது, அப்படி வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்று சொன்னது. சொத்து நமக்கு இருக்கிறதோ இல்லையோ, நம் உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. மதிப்பு உள்ள வேலைக்கு வருடத்தில் ஒரு நாள் லீவு கிடையாதா?

பஸ் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. கோலியனூர், வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டு வந்ததும் புதுச்சேரி எல்லை. அப்புறம் கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. திரும்பவும் புதுச்சேரி. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் கிராமம் கிராமமாகப் பங்கு போட்டதன் மிச்சம் இது. எல்லை எங்கே என்று பலகையைப் பார்க்க வேண்டாம். மதுக்கடைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வழியில் ஒரு விஷயம் நடந்தது. வெயிலில் அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வேணாங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நீட்டினார். மறுபடியும் "வேணாம்". "ஏன், உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன், "வெளியே கிளம்பினா நாங்க தண்ணி குடிக்க மாட்டோம். எங்க போறது?" அவர் திகைத்துப்போய்விட்டார். 25 வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று எத்தனையோ பஸ்ஸில் சேர்ந்து போயிருக்கிறோம். நான் தண்ணீர் குடிக்காமல் வருவது அவருக்குத் தெரியவே தெரியாது. இதற்கு அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாமும் சொன்னதில்லையே! பஸ் நிலையங்களில், நெடுஞ்சாலை ஓரங்களில் பெண்கள் கூசாமல் நுழையக்கூடிய கழிப்பறை வேண்டும் என்று நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, தலைவலி, மயக்கம் எல்லாம் தண்ணீரை அடக்குவதாலும் வரலாம். பாண்டியில் இறங்கியதும் அவரே விசாரித்து ஒரு நல்ல இடம் கண்டுபிடித்துக் காட்டினார். பிறகு நாள் முழுக்க நான் தண்ணீர் குடித்தேன்.

முதலில் மணக்குள விநாயகரைக் கும்பிட்டோம். பிறகு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீட்டைப் பார்த்தோம். 1908-லிருந்து 1918 வரை பத்து வருடம் பாரதியார் புதுச்சேரியில் இருந்தார். அப்போது அது பிரெஞ்சு ஆட்சி, வெள்ளைக்காரப் போலீஸ் உள்ளே வந்து பிடிக்க முடியாது. எல்லோரும் அங்கே பாரதியாரைத்தான் நினைப்பார்கள். எனக்கு என்னவோ செல்லம்மாள் ஞாபகம்தான் வந்தது. சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்து அவர் குருவிக்குப் போட்டுவிட்டார் என்று சின்ன வயசில் கதை கேட்டிருக்கிறோம் இல்லையா? கேட்டபோது எவ்வளவு அழகாக இருந்தது! இப்போது அந்த வீட்டில் நின்றபோது, அன்றைக்கு மத்தியானம் உலையில் போட அந்த அம்மா என்ன செய்திருப்பார் என்றுதான் தோன்றியது. "குருவிக்குப் போட்டதை ஊரே பேசுது. வீட்டுல இருந்தவங்க என்ன பாடு பட்டாங்களோ!" என்று அவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெயில் என்று நினைத்தேன்.

பாரதி பூங்காவில் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சாதம் சாப்பிட்டோம். நடுவில் வெள்ளையாக ஆயி மண்டபம். ஊருக்குத் தண்ணீர் கிடைக்கத் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் பேரில் கட்டியதாம். ஒரு பெண்ணுக்காக எழுப்பிய மண்டபத்தைப் பார்த்தது மனசுக்கு நிறைவாக இருந்தது.

நாலரை மணி போலக் கடற்கரைக்கு வந்தோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் நம்ம செஞ்சியிலிருந்து கொண்டு வந்தவை என்று சொல்கிறார்கள். எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது! முன்பெல்லாம் அங்கே மணலே கிடையாது. துறைமுகம் கட்டிய பிறகு கடல் மணலை அரித்துக்கொண்டு போய்விட, வெறும் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். சில வருடங்களுக்கு முன்னால் கடலுக்கு அடியில் செயற்கையாக ஒரு திட்டு அமைத்த பிறகு ஒரு பக்கம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அந்த மணலில் போய் உட்கார்ந்தோம்.

அங்கேதான் அவர் வாயைத் திறந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் கொழுந்தனார் சரக்கு ஏற்றும் சின்ன வண்டி வாங்கக் கடன் வாங்கினார். அது தெரியும். அதற்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டிய கொழுந்தனார், பிறகு ஓட்டம் இல்லை என்று நிறுத்திவிட்டார். பாக்கி 1,40,000 ரூபாய். நோட்டீஸ் இவர் வேலை செய்யும் கடை விலாசத்துக்கு வந்திருக்கிறது. எட்டு மாதமாக இவர் சம்பளத்திலிருந்து மாதம் 4,000 ரூபாய் கட்டி வருகிறார். வியாபாரம் மந்தம், முதலாளி சம்பளத்தைக் குறைத்துவிட்டார் என்று என்னிடம் சொன்னதெல்லாம் பொய்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! அந்த 4,000 ரூபாய் இல்லாமல் எட்டு மாதமாக நான் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று எனக்குத்தான் தெரியும். பாலைக் குறைத்தேன். மகள் கேட்ட கம்ப்யூட்டர் வகுப்பைத் தள்ளிப்போட்டேன். கல்யாண நாள் அன்றைக்கு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் அழுதுவிட்டேன். எழுந்து போய்த் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். சுண்டல் விற்ற அம்மா வந்து, "இன்னாம்மா, சண்டையா? இந்தா, சாப்பிடு" என்று ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

"எங்க வச்சு சொல்றது? நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம். ரூமில் மகள் படிக்கிறாள். ஹாலில் மாமியார் படுத்திருக்கிறார். அவருக்கு ரத்த அழுத்தம். சின்ன மகன் மேல் உயிர். காதில் விழுந்தால் ஆபத்து. இவர் மொட்டை மாடியில் படுப்பார், நான் மகளோடு படுப்பேன். காலையில் நான் அடுப்படியில், இவர் கடைக்கு. ராத்திரி டி.வி. ஓடும். "கேஸ் புக் பண்ணியா?", "அரிசி தீர்ந்துபோச்சு", "கரண்ட் பில் கட்டுங்க." இதைத் தாண்டி நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசியது எப்போது என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. அவர் மறைத்தது தப்பு. அதை அவரிடமே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் பேசுவதற்கு இடமே இல்லாத வீட்டில் எத்தனை ரகசியங்கள் இப்படி வளர்கின்றனவோ!

அப்புறம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஜாமீன் கையெழுத்து என்றால் வெறும் சாட்சிக் கையெழுத்து என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். இல்லவே இல்லை, சகோதரிகளே. 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. கடன்காரரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரர் கழுத்தில் கை வைக்கலாம். உங்கள் கணவர் தம்பிக்கோ நண்பருக்கோ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். உறவை அறுக்கச் சொல்லவில்லை. தெரிந்து தலை கொடுப்போம், தெரியாமல் கொடுக்க வேண்டாம்.

நகையை அடகு வைக்கலாமா என்றார் அவர். வேண்டாம் என்றேன். ஓடாத வண்டியை எதற்கு வைத்திருக்க வேண்டும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் கொழுந்தனார் வீட்டுக்குப் போய், அவர் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினோம். அந்தப் பெண்ணுக்கும் பாதி விஷயம் தெரியாது! பிறகு கடன் கொடுத்த இடத்தில் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு வண்டியை 95,000 ரூபாய்க்கு விற்று அடைத்தோம். மீதி 45,000. கொழுந்தனார் மாதம் 2,500, நாங்கள் 1,500 என்று கட்டி வருகிறோம். அடுத்த கல்யாண நாள் வருவதற்குள் அநேகமாக முடிந்துவிடும். எட்டு மாதமாக அவர் தனியாகச் சுமந்தது, நாலு பேர் உட்கார்ந்ததும் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். தினமும் அப்படித்தானாம். நடு ரோட்டில் குழந்தைகள் ஓட, வயசானவர்கள் கை கோத்து நடக்க, நாங்களும் நடந்தோம். கையெல்லாம் கோக்கவில்லை. ஆனால் அவர் எப்போதும் போலப் பத்தடி முன்னால் போகாமல் என் பக்கத்திலேயே நடந்தார். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பது. மொத்தச் செலவு 1,460 ரூபாய். டப்பாவில் மீதி 940. மாமியார் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மெதுவாக, "கடலைப் பாத்தியா?" என்று கேட்டார். "பார்த்தேன் அத்தை." "எப்டி இருந்தது?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் அத்தை, நீங்க பார்த்ததில்லையா?"

அவருக்கு 72 வயசு. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் விழுப்புரம் சுற்றுவட்டாரம். கடலைப் பார்த்ததே இல்லை.

என் மாமனார் லாரி ஓட்டினவர். நான் மருமகளாக வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். 1974-க்குப் பிறகு சில வருடம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது. பாண்டிச்சேரியில் கிடையாது. குடிக்க வேண்டும் என்றால் அங்கே ஓட வேண்டும். சம்பளம் வாங்கினால் நேராகப் பாண்டிதான். மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு வருவாராம். அத்தையின் தோடு, மூக்குத்தி, கைம்பெண்ணாக இருந்த அவர் அம்மா கொடுத்த வெள்ளிக் கொலுசு எல்லாம் அந்த ஊருக்குத்தான் போயிற்று. "அவர் போனது எத்தனை வாட்டி! ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, 'நீயும் வா, கடலைக் காட்டுறேன்'னு கூப்ட்டது இல்லம்மா" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. பாண்டி என்ற பேரைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாரே, அது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நானோ, மருமகள் சந்தோஷம் பொறுக்காத மாமியார் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

குடி எத்தனை வீட்டை எரித்தது என்று எங்கள் மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா எங்களை மரக்காணத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் உப்பளமும் கடலும் காட்டியிருக்கிறார். வெள்ளை வெளேர் என்று குவிந்திருக்கும் உப்பைப் பார்த்து வாயைப் பிளந்தது நினைவிருக்கிறது. அந்த மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில்தான் 2023 மே மாதம் விஷச் சாராயம் குடித்துப் பல குடும்பத்தில் தாலி அறுந்தது. மீனவப் பெண்கள் அழுததை டி.வி.யில் பார்த்தோமே! அதே கடல், அதே கரை. நமக்கு அது எப்போதும் அழுவதற்கு மட்டும்தானா?

அதனால்தான் சொல்கிறேன். பக்கத்தில் இருக்கிற நல்ல இடங்களை ஆண்களின் குடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குள் உட்கார வேண்டாம். அந்த ஊரில் கோயில் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, பாரதியார் வீடும் பாரதிதாசன் வீடும் இருக்கின்றன, காசு கேட்காத கடல் இருக்கிறது. பாண்டி என்றால் எல்லோர் வாயிலும் நல்ல பேராக வர வேண்டும் என்றால், நாம் குடும்பமாக, ஜோடியாக, அங்கே போய் நடக்க வேண்டும்.

கணவன்மார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. பட்டுப்புடவை வேண்டாம், மோதிரம் வேண்டாம். வருடத்தில் ஒரு நாள், போனை உள்ளே வைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். மனசில் இருப்பதைச் சொல்லுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை. பேசாமல் இருப்பதைவிடச் சண்டை மேல்.

மாமியார்மாருக்கு ஒன்று. மகனும் மருமகளும் ஒரு நாள் வெளியே போனால் குடி முழுகிவிடாது. ஒரு நாள் ரசம் வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

மருமகள்களுக்கு, எனக்கும் சேர்த்துத்தான், ஒன்று. வீட்டில் பெரியவர்கள் ஏதாவது வேண்டாம் என்றால், உடனே கோபப்படாமல் "ஏன் அத்தை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் 25 வருடம் கேட்காமல் விட்டேன்.

மீதி 940 ரூபாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே? ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள் அத்தையை நாங்கள் இரண்டு பேரும் பாண்டிக்குக் கூட்டிப்போனோம். அந்த மணலில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை காலைத் தொடும் வரை போய் நின்றார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "இவ்ளோ தண்ணி இங்க இருக்க, அந்த மனுசன் வேற தண்ணியைத் தேடிக்கினு வந்தாரே!" என்றார்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, சகோதரிகளே? மலையா, ஆறா, கோயிலா? கடைசியாக எப்போது போனீர்கள்? யாரோடு போனீர்கள்? நீங்களும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
விழுப்புரம்.